எல்விஸுக்கு முன்னாடி ஒரு அம்மா

கார்த்தி: மாமா, சனிக்கிழமை கிடார் கிளாஸ்ல ராக் அண்ட் ரோல் பத்தி அஞ்சு நிமிஷம் பேசணும். எல்விஸ்தான் ஆரம்பிச்சாருன்னு தொடங்கட்டா?

முரளி: வேணாம்டா. அந்த வெள்ளைக்காரப் பாடகர் எல்விஸோட முதல் ஹிட் அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல 1954 ஜூலைல பதிவானது. அந்தப் பாட்டையே ஆர்தர் க்ரூடப்னு ஒரு கறுப்பினப் பாடகர் 1946லயே ரெக்கார்டு பண்ணிட்டார்.

முரளி: நீ சிஸ்டர் ரொசெட்டா தார்ப்ல இருந்து ஆரம்பி

நித்யா: யாரு மாமா? கன்னியாஸ்திரியா?

முரளி: இல்லம்மா, கிடார் வாசிச்சுப் பாடின அமெரிக்கக் கறுப்பினப் பாடகி. கிறிஸ்தவ சபையில பெண்களை 'சிஸ்டர்'னுதான் கூப்பிடுவாங்க. 1915ல ஆர்கன்சா மாநிலத்துல காட்டன் பிளான்ட்ங்கிற ஊர்ல பிறந்தவங்க. அவங்க அம்மா பிரசங்கம் பண்ணுவாங்க, மாண்டலின் வாசிப்பாங்க. கைத்தட்டும் தாளமுமா ஆராதனை நடக்கிற சபை அது. சின்னக் குழந்தையா இருக்கும்போதே கிடாரோட கூட்டத்துக்கு முன்னாடி நின்னுட்டாங்க.

வசந்தா: சாமி பாட்டுதானே முரளி, அது எப்படி ராக் ஆகும்?

முரளி: வரிதான் சாமி பாட்டு அக்கா. எலக்ட்ரிக் கிடார்ல அவங்க போடுற அடியைக் கேளுங்க. 1944ல பதிவு பண்ண 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே'ல பியானோ துள்ளிக்கிட்டு ஓடும், நடுவுல கிடார் தனியாப் புகுந்து விளையாடும். அடுத்த வருஷம் 'பில்போர்டு'ங்கிற அமெரிக்கப் பத்திரிகையோட ஹிட் பாட்டுப் பட்டியல்ல 2வது இடம் வரைக்கும் போச்சு. கறுப்பினத்தார் பாட்டுக்குன்னு தனிப் பட்டியல், பேரே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'. 1949லதான் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்'னு மாத்தினாங்க.

வசந்தா: பட்டியல்லயுமா பிரிச்சு வச்சாங்க 😔

முரளி: ஹோட்டல்லயும்தான் அக்கா. தெற்கு மாநிலங்கள்ல மேடையில கைத்தட்டு வாங்கிட்டு, ராத்திரி தன்னோட பஸ்லயே தூங்குவாங்க. அவங்ககூட ஊர் ஊராப் போன வெள்ளைக்காரக் குழு 'ஜோர்டனேர்ஸ்'. பின்னாடி எல்விஸுக்குக் கோரஸ் பாடினது அவங்கதான்!

கார்த்தி: நிஜமாவா மாமா!!

முரளி: இதையும் சேர்த்துக்கோ. 1947ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல மேக்கன் நகரத்துல ரொசெட்டாவோட கச்சேரி. அரங்கத்துல ஒரு 14 வயசுப் பையன் பாடுறதைக் கேட்டு, அன்னைக்கே மேடையில ஏத்திப் பாட வச்சு, காசும் கொடுத்தாங்க. அந்தப் பையன்தான் பின்னாடி ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்ட்.

நித்யா: அவங்க பாடுற வீடியோவை யூடியூப்ல பாத்துட்டேன்! ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கே

முரளி: மான்செஸ்டர், 1964 மே. ரயில் ஓடாத ஸ்டேஷன். இந்தப் பக்க பிளாட்பாரத்துல ஜனம், எதிர்ப் பக்கம் அவங்க. குதிரை வண்டியில வந்து இறங்குறாங்க பாரு. மழை பெஞ்ச அன்னைக்கு மழைப் பாட்டையே எடுத்தாங்க. எத்தனை தடவை பாத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

வசந்தா: கோட்டுப் போட்டுக்கிட்டு என்ன கம்பீரம்டா!

முரளி: 1973ல பிலடெல்பியாவுல இறந்தாங்க. முப்பது வருஷத்துக்கு மேல அவங்க கல்லறைக்குப் பேர் பொறிச்ச கல்லு கூடக் கிடையாது. ராக் இசைக்காரங்களைக் கௌரவிக்கிற 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்'ல சேர்த்ததே 2018லதான். எனக்கு ஆறவே மாட்டேங்குது அக்கா.

கார்த்தி: அவங்க பேரையே முதல் வரியாச் சொல்றேன் மாமா. 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ்'ல தனியா வர்ற அந்த கிடார் சோலோவை வாசிச்சும் காட்டணும்

முரளி: அப்போ கிடாரை ஓப்பன் டி ட்யூனிங்ல வை, அதாவது கம்பியை அழுத்தாம மீட்டினாலே டி கார்டு கேட்கிற மாதிரி. அவங்க வாசிச்சது அதுலதான். ஒன்பது மணிக்கு வீடியோ கால் பண்றேன், ஒவ்வொரு கம்பியாப் பாத்துடலாம்.