புதுப்பிப்பு: கான்சஸில் சிஆர்பி ஒப்பந்தத்தோடு வாங்கிய நிலம், வாடகைத் தொகை யாருக்கு?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அமெரிக்காவின் கான்சஸில் நாங்கள் வாங்கும் நிலத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே சிஆர்பி பாதுகாப்புத் திட்டத்தில் (பயிரிடாமல் நிலத்தைக் காக்க அரசு ஆண்டு வாடகை தரும் திட்டம்) புல்வெளியாக இருக்கிறது, பத்திரம் கைமாறினால் அரசு தரும் ஆண்டு வாடகை என்னாகும் என்று கேட்டிருந்தேன்.

"முதலில் கவுண்டி (மாவட்டம் போன்றது) எஃப்எஸ்ஏ அலுவலகத்துக்கு, அதாவது அரசின் வேளாண் சேவை அலுவலகத்துக்குப் போய், பழைய உரிமையாளரின் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து ஏற்பவராகக் கையெழுத்துப் போடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. பத்திரத்தின் நகலோடு போனோம். மண் அரிப்பு, சதுப்பு நில விதிகளுக்கு உட்படுவதாகச் சொல்லும் ஏடி-1026 படிவம், வருமான வரம்புக்கான சிசிசி-941 படிவம், அப்புறம் ஒப்பந்தத்தில் எங்கள் பெயர். அவ்வளவுதான்.

இதில் காலக்கெடு மிக முக்கியம். நிலம் மாறிய 60 நாளுக்குள் புதியவர் ஒப்பந்தத்தை ஏற்காவிட்டால், பழைய உரிமையாளர் அதுவரை வாங்கிய தொகையை வட்டியோடு திருப்பித் தர வேண்டி வரலாம். பத்து வருடத் தொகை என்றால் யோசித்துப் பாருங்கள்! விற்பவர், வாங்குபவர் இருவரும் விலை பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும்.

எதிர்பாராத ஒன்று: வாடகையை மாதக் கணக்கில் இருவருக்கும் பிரிப்பார்கள் என்று இங்கே சிலர் சொன்னார்கள். அப்படியில்லை. நிலம் வாங்கிய நிதியாண்டுக்கான தொகை முழுவதும் புதியவருக்கே போகிறது. நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது, பணமும் அதற்குப் பிறகுதான் வரும். விற்றவருக்குப் பங்கு தருவதென்றால் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கான்சஸில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை பறவைகள் கூடு கட்டும் காலம். அப்போது அந்தப் புல்லை வெட்டக் கூடாது.