ஒரு கிளையை எடுக்கச் சொன்னால் மூன்று அழியுமா? டெராஃபார்ம் வேரியபிள் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்:

எல்லையோரம் லாரி புக்கிங் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு டெராஃபார்ம் (கிளவுடில் வேண்டியவற்றைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவி) வேலை பார்க்கிறேன். கிளைக்கு ஒரு எஸ்3 பக்கெட் (அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்-இல் கோப்புகளை வைக்கும் இடம்). இ-வே பில் நகல்கள் அதில் சேரும். முன்பு எழுதியவர்கள் கிளைப் பெயர்களை ஒரே லிஸ்ட் வேரியபிளில் (மதிப்பைத் தனியாகக் கொடுக்கும் இடம்; இங்கே வரிசையான பட்டியல்) வைத்திருந்தார்கள்: வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம். ரிசோர்ஸில் (உருவாக்க வேண்டிய பொருளின் விவரம்) கவுண்ட் (எத்தனை வேண்டும் என்ற எண்ணிக்கை) போட்டு, வரிசை எண்ணை வைத்துப் பெயரை எடுக்கும்படி அமைத்திருந்தார்கள்.

வேலந்தாவளம் கிளையை மூடியதும் மேனேஜர் போனில் சொன்னார்: "அதை மட்டும் எடுத்துடுங்க தம்பி." லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டு பிளான் (என்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டும் கமாண்ட்) ஓட்டினேன். சேர்ப்பது 2, மாற்றுவது 0, அழிப்பது 3 என்று வந்தது!

விஷயம் இதுதான். கவுண்ட் போட்டால் ஸ்டேட்டில் (உருவாக்கியவற்றை டெராஃபார்ம் குறித்துவைக்கும் கோப்பு) பக்கெட்டின் அடையாளம் வெறும் எண், அதுவும் 0-இல் தொடங்கும். 1-ஆம் இடத்தில் இருந்த வேலந்தாவளம் போனதும் கோபாலபுரம் அந்த இடத்துக்கு நகர்கிறது, கோவிந்தாபுரம் 2-க்கு வருகிறது, 3 காலி. பக்கெட்டுக்குப் பெயரை மட்டும் மாற்ற முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். உள்ளே கோப்பு இருந்தால் ஏடபிள்யூஎஸ் அழிக்க விடாதுதான். ஆனால் அங்கே ஃபோர்ஸ்_டெஸ்ட்ராய் ட்ரூ (கோப்பு இருந்தாலும் அழி) என்று இருந்தது. பிளானைப் படிக்காமல் அப்ளை (அதை நிறைவேற்றும் கமாண்ட்) கொடுத்திருந்தால், வேலை நடந்துகொண்டிருந்த இரண்டு கிளைகளின் பில்களும் போயிருக்கும்.

வேரியபிளை செட்டாக (வரிசை எண் இல்லாத தொகுப்பு) மாற்றி, கவுண்டுக்குப் பதில் ஃபார்_ஈச் (ஒவ்வொரு பெயருக்கும் ஒன்று) போட்டேன். இப்போது அடையாளம் கிளையின் பெயர். பழைய எண்ணிலிருந்து பெயருக்கு மாற்ற மூவ்ட் பிளாக் எழுதினேன் (டெராஃபார்ம் 1.1 முதல் உண்டு). நான்கு கிளைகளும் இருக்கும்போதே பிளான் ஓட்டி, மூன்று எண்ணும் பூஜ்யமாக வந்ததைப் பார்த்தேன். அப்புறம்தான் வேலந்தாவளத்தின் கோப்புகளை நகலெடுத்துவிட்டு அந்தப் பெயரை நீக்கினேன். அழிப்பது 1. பெயருள்ள பொருள்களுக்கு லிஸ்டும் கவுண்டும் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நகரி, ஆந்திரா:

அண்ணா, எங்கள் டீமில் வேறு சிக்கல். ரீஜன் (ஏடபிள்யூஎஸ் சர்வர்கள் இருக்கும் இடம்) ஹைதராபாத் என்று டிஎஃப்_வார் என்விரான்மென்ட் வேரியபிளில் (கோடுக்கு வெளியே, ஓடும் கணினியில் வைக்கும் மதிப்பு) கொடுத்திருந்தும் எல்லாம் மும்பையிலேயே உருவானது. ரெப்போவில் (கோடு வைக்கும் இடம்) இருந்த டெராஃபார்ம்.டிஎஃப்வார்ஸ் என்ற வேரியபிள் மதிப்புக் கோப்பில் மும்பை என்று இருந்தது. எந்த மதிப்பு செல்லும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் டிஃபால்ட் (வேரியபிளிலேயே எழுதியது), அதை என்விரான்மென்ட் மிஞ்சும். அதை டிஎஃப்வார்ஸ், அதை ஆட்டோ.டிஎஃப்வார்ஸ், எல்லாவற்றையும் கமாண்டில் கொடுக்கும் வார், வார்-ஃபைல் மிஞ்சும். கோப்பிலிருந்து ரீஜனை எடுத்தோம், டிஃபால்ட்டையும் எடுத்தோம். பைப்லைனில் (டெராஃபார்மைத் தானாக ஓட்டும் அமைப்பு) இன்புட் ஃபால்ஸ் (மதிப்பைக் கேட்காதே) என்று ஓட்டுவதால், மதிப்பு வராவிட்டால் அங்கேயே நிற்கும். ஏபி-சவுத்-1 (மும்பை), ஏபி-சவுத்-2 (ஹைதராபாத்) தவிர வேறு வந்தால் தடுக்க வேலிடேஷனும் உண்டு.

செங்கோட்டை (ஆபீஸ் புனலூரில்):

பாஸ்வேர்டு வேரியபிளில் சென்சிடிவ் ட்ரூ போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று. அது திரையில் மட்டும்தான் மறைக்கும். ஸ்டேட் கோப்பைத் திறந்தால் அப்படியே தெரியும். புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு அதைத் திறந்துதான் காட்டினேன். வேரியபிளையே எஃபெமரல் (ஸ்டேட்டில் பதியாத தற்காலிக மதிப்பு) ஆக்கும் வசதி டெராஃபார்ம் 1.10-இல் வந்தது, ஆனால் அதை ரிசோர்ஸின் சாதாரண ஆர்க்யுமென்ட்டில் (மதிப்பு நிரப்பும் இடம்) கொடுக்க முடியாது. 1.11-இல் வந்த ரைட்-ஒன்லி (அனுப்ப மட்டும், சேமிக்காது) ஆர்க்யுமென்ட் வழியாக ஆர்டிஎஸ் (ஏடபிள்யூஎஸ் டேட்டாபேஸ்) பாஸ்வேர்டைக் கொடுக்கிறோம். இப்போது ஸ்டேட்டில் அது பதிவாவதே இல்லை. பழைய ஸ்டேட் வெர்ஷன்களில் இருந்த பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிட்டோம்.