ராத்திரி முழிப்பு வருவது சிறுநீருக்காகத்தானா?

கேள்வி:
எனக்கு 52 வயது. ஏழெட்டு மாதமாக 11 மணிக்குப் படுத்தால் ஒன்றரைக்கு ஒரு தடவை, 3 மணிக்கு ஒரு தடவை முழிப்பு வந்துவிடுகிறது. பாத்ரூம் போய்விட்டு வந்து படுத்தால், இரண்டாவது தடவை தூக்கம் திரும்புவதே இல்லை. சர்க்கரை பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. ராத்திரி தண்ணீரையும் குறைத்துப் பார்த்தேன். காலையில் வாய் வறண்டு கிடக்கிறது. வயதுக் கோளாறுதானா?

பதில் 1:
சாயங்காலம் காபி உண்டா? காஃபீன் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை ராத்திரியில் போடுகிறீர்கள் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பதில் 2:
வாய் வறண்டு கிடக்கிறது என்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்று வருடம் நானும் சிறுநீர்தான் எழுப்புகிறது என்று நம்பினேன். குறட்டை விடுகிறேன் என்று மனைவி சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ராத்திரி அவள் விழித்திருந்து போனில் பதிவு செய்தாள். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கிறது. மின்விசிறிச் சத்தம் மட்டும். அவள் மெதுவாக எண்ணுகிறாள். 22 வரை எண்ணிவிட்டாள். அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவன் மாதிரி ஒரு பெரிய மூச்சு. கேட்டபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். அடைப்பை மீறி மூச்சை இழுக்கத் திணறும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி, இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டு இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்க, சிறுநீரகம் நிஜமாகவே அதிகச் சிறுநீரைப் பிரிக்கிறது. தண்ணீரைக் குறைத்தும் பலன் இல்லாததற்கு இது காரணமாக இருக்கலாம்.

தூக்கப் பரிசோதனையில் எனக்கு மணிக்கு 34 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. 30 தாண்டினாலே தீவிரம்தான். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சீபேப் கருவி கொடுத்தார்கள். முதல் பத்து நாள் முகமூடியைக் கழற்றி எறியத் தோன்றியது. இப்போது பெரும்பாலும் விடியும்வரை எழுந்திருப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
மகனிடம் கேட்டேன். பக்கத்து அறை வரை குறட்டை கேட்குமாம், நடுவில் நின்று நின்று வருமாம். இதுவரை யாரும் சொன்னதில்லை. இன்று போனைப் பதிவில் போட்டுவிட்டுப் படுக்கிறேன்.

பதில் 2:
பதிவில் ஒன்றும் கேட்காவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள். அதுவரை மது வேண்டாம், நீங்களாகத் தூக்க மாத்திரையும் போட வேண்டாம். தொண்டை இன்னும் தளரும். வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் அதை முதலில் சொல்லுங்கள்.