பழைய லேப்டாப் திரை மங்கிக்கொண்டே போகிறது, பேக்லைட் ட்யூபை மட்டும் மாற்றலாமா?

கேள்வி:
வணக்கம். 15.4 இன்ச் திரை உள்ள பழைய லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறேன், எல்இடி திரைகள் வருவதற்கு முந்தையது. ஆறு மாதமாகவே வெளிச்சம் குறைந்துகொண்டு வருகிறது. ஆன் செய்ததும் திரை முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும், பத்து நிமிடம் போனால்தான் ஓரளவு வெள்ளைக்கு வரும். பிரைட்னஸை முழுதாக ஏற்றினாலும் பகலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது. மற்றபடி மெஷின் நன்றாக ஓடுகிறது, கீபோர்டும் கைக்குப் பழகிவிட்டது, தூக்கிப் போட மனமே வரவில்லை. கெட்டது திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் ட்யூபா, அதற்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் இன்வெர்ட்டர் போர்டா? சால்டரிங் ஓரளவு தெரியும்.

பதில் 1:
இளஞ்சிவப்பில் ஆரம்பித்து மெதுவாக வெளுக்கிறது என்றால் அநேகமாக ட்யூப்தான், வயதாகிவிட்டது. இன்வெர்ட்டர் கெட்டால் நிறம் பெரும்பாலும் மாறாது, வெளிச்சம் விட்டுவிட்டு வரும் அல்லது ஒரேயடியாகப் போய்விடும். ஆனால் ட்யூப் ரொம்பத் தேய்ந்துபோனாலும் இன்வெர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓரிரு நொடியில் அணைத்துவிடும், அங்கேதான் பலர் ஏமாந்து நல்ல இன்வெர்ட்டரை மாற்றுகிறார்கள். நல்ல ட்யூப் ஒன்றைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம், எரியும்போதே அதில் 600, 700 வோல்ட் ஓடும், பற்றவைக்கும் நொடியில் ஆயிரத்தைத் தாண்டும். அடாப்டர், பேட்டரி இரண்டையும் கழற்றாமல் உள்ளே கை வைக்கவே வைக்காதீர்கள்.

பதில் 2:
நான் இரண்டு திரைகளில் மாற்றியிருக்கிறேன். நிறைய பேனல்களில் கண்ணாடியைப் பிரிக்கவே வேண்டாம், கீழ் விளிம்பில் இருக்கும் சின்ன திருகுகளை எடுத்தால் ட்யூபும் அதைச் சுற்றியிருக்கும் பளபள தகடும் சேர்ந்து பக்கவாட்டில் உருவிக்கொண்டு வரும். உங்களுடையது அப்படி வராவிட்டால் மட்டும் ஃபிரேமைத் திறங்கள். அப்போது சர்க்யூட் போர்டையும் கண்ணாடியையும் இணைக்கும் மெல்லிய ரிப்பன்களை இழுத்துவிடாதீர்கள், ஒன்று கிழிந்தாலும் திரையில் கோடு விழுந்துவிடும். பின்னால் இருக்கும் ஃபிலிம்களை எந்த வரிசையில், எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அப்படியே திரும்ப வைக்க வேண்டும். நடுவில் ஒரு தூசி புகுந்தாலும் காலத்துக்கும் புள்ளியாகத் தெரியும்.

ட்யூப் ஏறக்குறைய 2 மி.மீ தடிமன்தான், ஊதுபத்திக் குச்சி மாதிரி. முனையில் ரப்பர் மூடியை உருவினால் உள்ளே ஒயர் பற்றவைத்திருக்கும். கம்பிக் கால் கண்ணாடியை விட்டு வெளியே வரும் இடத்தில் கொஞ்சம் வளைத்தால்கூட விரிசல் விடும், என் முதல் ட்யூப் அங்கேதான் உடைந்தது. உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள், துடைப்பமோ வாக்குவம் கிளீனரோ வேண்டாம். புதியது வாங்கும் முன் பழையதை வெளியே எடுத்து நீளத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள், திரை அளவை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.

பதில் 3:
ட்யூபுக்குப் பதிலாக எல்இடி ஸ்ட்ரிப் போடும் வழியும் இருக்கிறது, கண்ணாடி உடையும் பயமோ உயர் வோல்டேஜோ இல்லை. இன்வெர்ட்டருக்கு வரும் கனெக்டரில் சப்ளை, கிரவுண்ட், ஆன்-ஆஃப், பிரைட்னஸ் நான்கையும் மல்டிமீட்டரில் கண்டுபிடித்து ஸ்ட்ரிப்போடு வரும் டிரைவர் போர்டுக்குக் கொடுக்க வேண்டும். சப்ளை எத்தனை வோல்ட் என்று முதலில் அளந்துவிடுங்கள், டிரைவர் தாங்கும் அளவைத் தாண்டினால் புகைந்துவிடும். சில மாடல்களில் பிரைட்னஸ் டேட்டா சிக்னலாக வரும், அதில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. புது எல்இடி பேனலையே நேராக மாட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பழையதில் பெரும்பாலும் 30 பின் கனெக்டர், புதியதில் 40 பின்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. கழற்றிப் பார்த்துவிட்டேன், தகடோடு சேர்ந்து சுலபமாகவே உருவ வந்தது. ட்யூபின் இரண்டு முனையும் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுத்திருக்கிறது. நீளம் 334 மி.மீ. நிறம் பழையபடியே இருக்க வேண்டும் என்பதால் ட்யூபையே போடப்போகிறேன், உடைந்தால் கையில் இருக்கட்டும் என்று இரண்டாகச் சொல்லிவிட்டேன்.