சென்சார் பொய் சொல்லும்போது பம்பை யார் நிறுத்துவது?

மலர்விழி:
முனைவர் ஆய்வில் இரண்டாம் ஆண்டு. எங்கள் ஆய்வகத்தில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், பம்பை இயக்கும் ஒரு பிஎல்சி (தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி), அதோடு பேச மோட்பஸ் இணைப்பு. சிங்கப்பூரின் ஸ்வாட் தரவில் (ஒரு சோதனை நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவுகள்) நல்ல மதிப்பெண் வாங்கிய, தாக்குதலைக் கண்டுபிடிக்கும் மாடலை எங்கள் தொட்டியின் தரவிலும் பழக்கினேன். நேற்று சோதனைக்காக, தாக்குபவர் செய்வதுபோல, சென்சார் மதிப்புக்குப் பதிலாக நீர்மட்டத்தின் பழைய பத்து நிமிடப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டு, பம்பை முழு வேகத்தில் விட்டேன். திரையில் மட்டம் 40 செ.மீ.யிலேயே நின்றது. தரையில் தண்ணீர் ஓடி என் செருப்பு நனைந்த பிறகுதான் தெரிந்தது. ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. மாடலைப் பெரிதாக்கினால் சரியாகுமா?

கதிர்:
எச்சரிக்கை எழும் வரம்பைக் குறைத்துப் பாருங்கள். ஆனால் பொய் எச்சரிக்கை கூடும்.

பழைய ஷிப்ட்காரர்:
வரம்பைக் குறைத்துப் பயனில்லை, கதிர். அந்த எண்கள் எல்லாமே உண்மையானவை, காலம்தான் பழையது. ஈரானின் நடான்ஸ் அணு ஆலையைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரலும் இதைத்தான் செய்தது: சென்சார் மதிப்புகளை 21 வினாடி பதிவு செய்து, அதையே திரும்பக் காட்டியது.

மலர்விழி, முதலில் தண்ணீரைக் கணக்குப் பாருங்கள். தொட்டியின் அடிப்பரப்பு 0.1 சதுர மீட்டர், வெளியேறுவதைவிட நிமிடத்துக்கு 6 லிட்டர் கூடுதலாக உள்ளே வருகிறது என்று வையுங்கள். மட்டம் நிமிடத்துக்கு 6 செ.மீ. ஏறியே ஆக வேண்டும். ஏறவில்லை என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள். இதற்கு மாடலே வேண்டாம்.

மலர்விழி:
உள்ளே வரும் தண்ணீரை அளக்கும் ஓட்டமானியும் அதே பிஎல்சியில்தான் இருக்கிறது, சார். அதையும் பழைய பதிவாக மாற்றிவிட்டால்?

பழைய ஷிப்ட்காரர்:
நல்ல கேள்வி. அப்போது நீங்கள்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். பம்பின் வேகத்தைத் தாறுமாறாக, ஆனால் மிகச் சிறிதாக அசைத்துக்கொண்டே இருங்கள். அந்த அசைவு உங்களுக்கு மட்டும் தெரியும். உண்மையான தொட்டி என்றால் அதன் எதிரொலி ஓட்டத்திலும் மட்டத்திலும் தெரியும். பழைய பதிவில் இன்றைய அசைவு இருக்காது. 2009இல் யிலின் மோ, புரூனோ சினோபோலி என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த வழி இது. கட்டுப்பாடு கொஞ்சம் கரடுமுரடாகும், அதுதான் விலை.

அப்புறம் இன்னொன்று. ஷிப்டில் இருந்த காலத்தில் என்னை உறுத்திய கேள்வி இதுதான்: பொய் என்று தெரிந்துவிட்டது, அடுத்த ஐந்து நிமிடம் என்ன செய்வது? பெரும்பாலான கட்டுரைகள் கண்டுபிடித்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் கணினித் தாக்குதலால் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் திரும்பி வந்ததற்குக் காரணம், ஆட்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் போய் பிரேக்கர்களைக் கையால் போட்டதுதான். அவர்களுக்கு அது தெரிந்திருந்தது. உங்கள் ஆய்வில் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள்.

கதிர்:
ஆபத்து வந்தால் தானே நிறுத்தும் தனிப் பாதுகாப்புக் கட்டுப்படுத்தி வைத்தால் போதாதா?

பழைய ஷிப்ட்காரர்:
2017இல் ஒரு சவூதி ஆலையில் டிரைட்டன் என்ற நச்சுநிரல் குறிவைத்ததே அதைத்தான். அந்தக் கட்டுப்படுத்தியின் சாவி, உள்ளிருக்கும் நிரலை மாற்ற விடும் புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. வலைப்பின்னலில் தொடர்பு இருந்தால் அதுவும் இன்னொரு கணினிதான். மலர்விழி, தொட்டியின் மேல்விளிம்பில் ஒரு மிதவை சுவிட்ச் வையுங்கள். அதன் ஒயரை பிஎல்சிக்குக் கொண்டுபோகாமல் நேராகப் பம்பின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டருக்கே கொடுங்கள்.

மலர்விழி:
சரி சார், மிதவை சுவிட்ச் இன்றே மாட்டுகிறேன். நேற்றைய பதிவை மறுபடி ஓட்டி, பம்பு எத்தனை வினாடியில் நிற்கிறது என்று அளந்து இங்கேயே எழுதுகிறேன்.