ரெண்டாயிரம் ரூபா ரசீது: சங்கத்துக்குக் கொடுக்கிறது வீணா?

செம்பூர் கணக்கு:
மும்பையில் தெருவுக்குத் தெரு ஒரு தமிழ்ச் சங்கம், வீட்டுக்கு வீடு மாசம் நூறு ரூபாய் வசூல். யாருக்கு லாபம்? பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குத் தரணும்னு சட்டமே இருக்கு, அது போதும். போன மாசம் தாராவியில் ஒரு சங்கத்தில் 5000 ரூபாய்க்கு ரொக்க ரசீது போட்டதைக் கண்ணால பார்த்தேன். 2000-க்கு மேல் ரொக்கம் வாங்குறதே குற்றம்.

நைன்டி ஃபீட் ரோடு:
என்னவே, எங்க தாராவிச் சங்கத்தைத்தான சொல்லுதீரு? குற்றம்னு யாரு சொன்னா? 2000-க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா, நன்கொடைக்குள்ள வருமான வரிக் கழிவு, 80ஜின்னு சொல்லுவாவளே, அது கிடைக்காது, அம்புட்டுதான். கொடுக்காதன்னு எங்க போட்டிருக்கு? தையல் மெஷின் ஓட்டுறவனும் இட்லி விக்கிற ஆச்சியும் வரி கழிக்கவா கொடுக்காவ?

மாட்டுங்காவாசி:
10,000 வரை ரொக்கம் செல்லும். முப்பது வருஷமாக் கொடுக்கறேன், எனக்குத் தெரியாதா?

செம்பூர் கணக்கு:
சார், அது 2017-க்கு முன்னாடி. இப்ப 2000. இரண்டாயிரம்!

நைன்டி ஃபீட் ரோடு:
கழிவுக்குவே, கழிவுக்கு! புது வரிமுறையில இருக்கிறவனுக்கு 80ஜியே கிடையாது. அப்ப அவன் ஒத்த ரூபா கொடுத்தாலும் குற்றமா?

சரி, கம்பெனிக் காசுக்கு வாரேன். சிஎஸ்ஆர்-1, அதான் கம்பெனிகளோட சமூகப் பணிக் காசை வாங்குறதுக்கான அரசுப் பதிவு, இருக்கான்னு முதல்ல கேப்பான். 2021-லிருந்து அது இல்லாம சங்கத்து வாசப்படிக்கு வரமாட்டான். இங்க நடக்கிறதக் கேளும். தர்ம ஆஸ்பத்திரியில நூத்துக்குப் பத்துப் படுக்கை ஏழைக்கு இலவசம், இன்னொரு பத்து சலுகைக் கட்டணம். சட்டத்துல இருக்கு, நல்ல சட்டம். ஆனா ரேஷன் கார்டும் தாசில்தார் வருமானச் சான்றும் எடுத்துக்கிட்டு, மராத்தியில பேசி, சமூக சேவகர் அறை வாசல்ல அரை நாள் நிக்கிறது யாரு? எங்க சங்கத்துப் பையன். அவனோட ரயில் பாஸும் ஜெராக்ஸ் காசும் அந்த நூறு ரூபாயிலதான் போகுது. நெல்லையிலேருந்து பரேல் டாடா கேன்சர் ஆஸ்பத்திரிக்கு வந்து நடைபாதையில படுக்கிறவங்களுக்குச் சோறும் அதுலதான். இதுக்கு எந்தக் கம்பெனி போர்டு மீட்டிங் போடுது?

செம்பூர் கணக்கு:
கண்ணீர் வருது. ஆனா 5000 ரசீதுக்கு இன்னும் பதில் வரல.

கோலிவாடா அக்கா:
பையன் அலையுறது உண்மை, எங்க மாமியாருக்கும் அவன்தான் வந்தான். அது வேற. பொங்கல் கோலப்போட்டி முதல் பரிசு குக்கர்னு மைக்ல சொன்னீங்களே, குக்கர் எங்க? எனக்கு வந்தது எவர்சில்வர் தட்டு.

நைன்டி ஃபீட் ரோடு:
அக்கா, அது போன கமிட்டி.

கோலிவாடா அக்கா:
போன கமிட்டியிலயும் நீங்கதான பொருளாளர்?

மாட்டுங்காவாசி:
இதுக்குத்தான் தாராவிப் பக்கம் நான் கொடுக்கறதில்லை. எங்க பக்கம் வருஷா வருஷம் ஆடிட் உண்டு.

நைன்டி ஃபீட் ரோடு:
உங்க பக்கம் ஃபேன் ரெக்கையில உபயம்னு பேரு எழுதி, அது சுத்துனா படிக்க முடியலன்னு ஃபேனையே நிறுத்தி வச்சிருக்கிய. பாடம் படிக்கிற பிள்ளைக வேர்த்து ஊத்துது. ஆடிட் பண்ணுங்க சார், நல்லாப் பண்ணுங்க.

மாட்டுங்காவாசி:
அந்த ஃபேன் ரிப்பேர்! தெரியாம பேசாதீங்கோ. 10,000-ன்னு நான் சொன்னதும் அந்தக் காலத்துக்குச் சரிதான்.

செம்பூர் கணக்கு:
2000.

நைன்டி ஃபீட் ரோடு:
கழிவுக்கு!

செம்பூர் கணக்கு:
ரசீது நம்பரைப் போடுங்க, பேசலாம்.

நைன்டி ஃபீட் ரோடு:
நேர்ல வாரும், புத்தகத்தையே காட்டுதேன். வரும்போது ரெண்டு வருஷமா நீரு பாக்கி வச்சிருக்கிற சந்தாவையும் கொண்டாரும். ரொக்கமாவே வாங்கிக்கிடுதோம்.

கோலிவாடா அக்கா:
அப்படியே என் குக்கரையும்.