பின்காவல் படை நின்று சண்டை போட மாட்டேன் என்கிறது, ஒரு யோசனை சொல்லுங்க

போர்ச்சுகலில் அல்மெய்டா கோட்டைக்குப் பக்கத்தில், 1810 ஜூலை 24 அன்று கோஆ ஆற்றங்கரையில் நடந்த சண்டையைச் சின்ன பலகை விளையாட்டாகச் செய்துகொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் தளபதி கிராஃபர்டிடம் சுமார் 5,000 பேர், எதிரே பிரெஞ்சுத் தளபதி நேயின் படை 20,000-க்கும் மேல், பின்னால் ஒரே ஒரு கல் பாலம். அறுகோணக் கட்ட வரைபடம், பட்டாலியனுக்கு ஒரு காய், எட்டுச் சுற்று, ஆறுமுகப் பகடை.

ஆறு முறை ஆடிப் பார்த்தாச்சு. நாலு முறை பிரிட்டிஷ் பக்கம் மூன்றாம் சுற்றிலேயே பாலம் தாண்டி ஓடிவிட்டது, மீதி இரண்டிலும் மொத்தமாக அழிந்தது.

சுற்றுக்கு ஒரு காய்தான் பாலம் கடக்கலாம் என்று வைத்தேன், நெரிசலில் எல்லாம் செத்தது. கரையில் நிற்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி கொடுத்தேன், அப்புறம் யாரும் நகரவே இல்லை. உண்மையில் 52-ஆம் ரெஜிமென்ட் தப்பிக்க, 43-ம் 95-ம் பாலத்துக்கு மேலிருந்த குன்றைத் திரும்பப் பிடித்தார்களே, எனக்கு அந்தத் தருணம்தான் வேண்டும், அது ஒருமுறைகூட வரவில்லை.

தப்பித்த ஆட்டக்காரரே குன்றுக்குத் திரும்பி ஏற ஆசைப்படும்படி என்ன விதி வைக்கலாம்?